மீதி எங்கே போச்சு? – பண்டை எகிப்தின் பொன்னும் வெள்ளியும்



இரண்டாம் ஆண்டு ஃபவுண்டரி வகுப்பில் நடந்த ஒரு சின்ன சம்பவத்தோடு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். பழைய பித்தளைக் குழாய், வால்வு என்று இரண்டு கிலோ துண்டுகளை மூசையில் போட்டு உருக்கினோம். வெள்ளைப் புகை கிளம்பியது. மேலே கசடு படிந்தது. கசடை வழித்துப் போட்டுவிட்டு அச்சில் ஊற்றினோம். ஆறிய பிறகு தராசில் வைத்தால் ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தது.

"போட்டது ரெண்டு கிலோ. எடுத்தது ஒண்ணே முக்கால். மீதி எங்கடா போச்சு?" என்றார் சார்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏதோ நாங்களே திருடிவிட்டது போல இருந்தது! பிறகு சாரே விளக்கினார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகவே 1085 டிகிரி வேண்டும். வெள்ளைப் புகையாகப் போனது துத்தநாகம். கொஞ்சம் கசடோடு போயிற்று. "உருக்கினாத்தாண்டா உலோகம் உண்மையைச் சொல்லும்" என்று முடித்தார்.

பிறகு ஒருநாள் நூலகத்தில் பண்டை எகிப்தின் உலோகங்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். எனக்கு ஒரே ஆச்சரியம்! எங்கள் சார் கேட்ட அதே கேள்வியை, 3,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரரசன் கேட்டிருக்கிறான்.

ஒரு மன்னனின் புகார்

1887-ஆம் ஆண்டு, எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. ஆப்பு வடிவ எழுத்தில் எழுதப்பட்ட கடிதங்கள் அவை. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மேற்காசிய மன்னர்கள் எகிப்திய மன்னர்களுக்கு அனுப்பியவையே அவற்றில் பல. படித்துப் பார்த்தால் பலவற்றில் ஒரே பாட்டுதான்: "தங்கம் அனுப்பு, இன்னும் தங்கம் அனுப்பு!" மித்தானி நாட்டு மன்னன் துஷ்ரத்தா, எகிப்தில் தங்கம் புழுதியைப் போல மண்டிக்கிடக்கிறதே, எனக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்ற பொருளில் எழுதுகிறான்.

பாபிலோன் மன்னன் புர்னபுரியாஷ் எழுதியதுதான் நமக்கு வேண்டிய கடிதம். எகிப்திலிருந்து அவனுக்கு 20 மினா தங்கம் வந்தது. ஒரு மினா ஏறத்தாழ அரைக் கிலோ. ஆக 10 கிலோ. அதை உலையில் போட்டுப் பார்த்தானாம். 5 மினாகூடத் தேறவில்லையாம்! இன்னொரு கடிதத்தில், தங்கத்தை எந்த அதிகாரியிடமும் ஒப்படைக்காதே, நீயே நேரில் பார்த்து முத்திரை வைத்து அனுப்பு என்று கேட்டுக்கொள்கிறான்.

எகிப்து மன்னன் ஏமாற்றினானா? இல்லை, எகிப்தின் தங்கமே அப்படித்தானா? இதற்கு விடை வேண்டுமானால், எகிப்துக்குத் தங்கம் எங்கிருந்து வந்தது, அதற்குள் என்னென்ன கலந்திருந்தது என்ற இரண்டையும் நாம் பார்த்தாக வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

பொன் கிடைத்த இடங்கள்

எகிப்து என்றதும் நமக்கு நைல் நதி நினைவுக்கு வரும். ஆனால் நைலின் வண்டல் மண் கோதுமைக்கும் பார்லிக்கும்தான் பேர் போனது. பொன் கிடைத்தது நைலுக்குக் கிழக்கே, செங்கடல் வரை நீண்டு கிடக்கும் மலைப்பாங்கான பாலைவனத்தில். அந்த மலைத்தொடர் தெற்கே நூபியாவுக்குள்ளும் போகிறது. இன்றைய எகிப்தின் தென்கோடியும் சூடானின் வட பகுதியும் சேர்ந்ததுதான் பழைய நூபியா.

எகிப்தியர் தங்கத்தை அது வந்த இடத்தைச் சொல்லியே பெயரிட்டார்கள். கொப்டோஸ் தங்கம், வாவாத் தங்கம், குஷ் தங்கம் என்று மூன்று வகை. கொப்டோஸ் என்பது, வாடி ஹம்மாமத் பள்ளத்தாக்கு வழியாகச் செங்கடலுக்குப் போகும் பாதை தொடங்குகிற ஊர். வாவாத் என்பது வட நூபியா; வாடி அல்லாக்கி என்ற பெரிய பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது. குஷ் அதற்கும் தெற்கே. (வாடி என்றால் மழை பெய்தால் மட்டும் வெள்ளம் ஓடும் வறண்ட ஆற்றுப் படுகை.)

இந்த இடங்களில் பொன் இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்று, பாறைக்குள் நரம்பு போல ஓடும் வெள்ளை குவார்ட்ஸ் கல்லுக்குள். இன்னொன்று, அந்தப் பாறை காலப்போக்கில் உடைந்து நொறுங்கி, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வாடியின் மணலில் தங்கிய துகள்கள். மணலை அலசிப் பொன் எடுப்பது சுலபம். ஆகவே முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள். பாறையைக் குடைவது பெரிய வேலை.

இத்தாலியில் துரின் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ் வரைபடம் இருக்கிறது. கி.மு. 1150 வாக்கில், நான்காம் ராம்சேஸ் மன்னன் காலத்தில் வரையப்பட்டது. வரைந்தவர் அமென்நக்தே என்ற எழுத்தர். வாடி ஹம்மாமத் பகுதியின் மலைகளை இளஞ்சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்துக் காட்டியிருக்கிறார். பொன் மலைகள் எவை, பொன் வேலை செய்பவர்களின் குடியிருப்பு எது, கிணறு எங்கே, கோயில் எங்கே என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றில் உலகத்தின் மிகப் பழைய நிலவியல் வரைபடம் இதுதான் என்கிறார்கள். சர்வே வகுப்பில் கோடு போடவே திணறும் நாம் அமென்நக்தேவுக்கு ஒரு கும்பிடு போடலாம்!

நம் காலத்தில் ரோஸ்மேரி கிளெம், டீட்ரிக் கிளெம் என்ற ஜெர்மன் தம்பதியர் இந்தப் பாலைவனத்தில் பல ஆண்டுகள் அலைந்து, ஏறத்தாழ 250 பழைய தங்கச் சுரங்க இடங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய நூல் 2013-ல் ஆங்கிலத்தில் வந்தது. அந்த இடங்களில் கிடக்கும் கல் கருவிகளை வைத்தே எது எந்தக் காலத்துச் சுரங்கம் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். பழைய காலத்தில் கனமான கல் சம்மட்டி. புதிய அரசு காலத்தில், அதாவது கி.மு. 1550-க்குப் பிறகு, நம் வீட்டு அம்மியைப் போன்ற அரைக்கும் கல். அதற்கும் பிறகுதான் சுற்றுகிற எந்திரக்கல்.

பாறையிலிருந்து பொன்

வேலை முறை இதுதான். குவார்ட்ஸ் பாறைமேல் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை விரிசல் விடும். பிறகு உடைப்பது சுலபம். உடைத்த கல்லை உரலில் இடித்துப் பட்டாணி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதை அம்மியில் அரைத்து மாவாக்குவார்கள். அந்த மாவைச் சரிவான பலகைமேல் கொட்டித் தண்ணீர் விட்டு அலசுவார்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, பொன்னின் அடர்த்தி 19.3. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஆகவே கல் மாவு தண்ணீரோடு ஓடிவிடும், பொன் துகள் பலகையிலேயே தங்கிவிடும். நாம் தாதுச் செறிவூட்டல் என்று பாடத்தில் படிப்பதன் மூல வடிவம் இதுதான்.

சேர்த்த துகளை உருக்க வேண்டும். பொன் உருகும் வெப்பநிலை 1064 டிகிரி. சக்காராவில் உள்ள மெரெருகா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், உலோக வேலைக்காரர்கள் மூசையைச் சுற்றி உட்கார்ந்து நீண்ட குழாய்களால் வாயாலேயே ஊதுகிற காட்சி இருக்கிறது. அது கி.மு. 24-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறையில் காலால் மிதிக்கும் துருத்தி வந்துவிடுகிறது. வாயிலிருந்து காலுக்கு வர 900 ஆண்டு!

எவ்வளவு பொன் வந்தது? மூன்றாம் துத்மோஸ் மன்னன் தன் வரவுக் கணக்கைக் கர்நாக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறான். அவனுடைய 41-ஆம் ஆட்சியாண்டில் வாவாத் பகுதியிலிருந்து மட்டும் வந்தது 3,144 டெபன், 3 கீட். ஒரு டெபன் ஏறத்தாழ 91 கிராம். டெபனில் பத்தில் ஒரு பங்கு கீட். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 286 கிலோ வருகிறது. 3 கீட் என்றால் 27 கிராம். அந்த 27 கிராமையும் விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

பொன்னைவிட அரியது தண்ணீர்

நூபியாவில் குபான் என்ற இடத்தில் இரண்டாம் ராம்சேஸின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வாடி அல்லாக்கியின் பொன் நிலத்துக்குப் போகும் பாதையைப் பற்றியது. அந்த நிலத்தில் பொன் நிறைய உண்டு, ஆனால் வழியில் தண்ணீர் இல்லை. பொன் அலசப் போகும் ஆட்களில் பாதிப் பேர்தான் போய்ச் சேருகிறார்கள். மற்றவர்கள் தங்கள் கழுதைகளோடு வழியிலேயே தாகத்தில் செத்துப்போகிறார்கள் என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. ராம்சேஸின் தந்தை சேத்தி 120 எகிப்திய முழம், அதாவது 60 மீட்டருக்கு மேல் கிணறு வெட்டியும் தண்ணீர் வரவில்லை. ராம்சேஸ் காலத்தில் வெட்டிய கிணற்றில் 12 முழத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது என்று பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் பார்த்து வெட்டினால் 12 முழம், பார்க்காமல் வெட்டினால் 120 முழம்! ஆனால் இந்த இரண்டு கிணறுகளுக்கும் நடுவே எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

பிற்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அகதார்கிடிஸ் என்ற கிரேக்க அறிஞர் எழுதிய விவரம், டயோடோரஸ் என்ற வரலாற்றாசிரியரின் நூல் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. போர்க் கைதிகளையும் தண்டனை பெற்றவர்களையும், சில சமயம் அவர்களுடைய குடும்பத்தோடும் சேர்த்துச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். ஆண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாறையை உடைத்தார்கள். சிறுவர்கள் பொந்துக்குள் நுழைந்து உடைந்த கல்லைப் பொறுக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பெண்களும் முதியவர்களும் எந்திரக்கல் சுற்றினார்கள். நோயாளி, முதியவர், பெண் என்ற இரக்கம் யாருக்கும் இல்லை. சாகும் வரை வேலை என்று அவர் எழுதுகிறார்.

கிரேக்கர் மிகைப்படுத்தியிருப்பார் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 2023-ல் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் கோஸா என்ற இடத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டுத் தங்கச் சுரங்கக் குடியிருப்பைத் தோண்டியபோது இரும்புக் கால் விலங்குகள் கிடைத்தன. மனிதர்களுக்கான விலங்குகள்! அதே இடத்தில் கிடைத்த ஓட்டுச் சில்லு எழுத்துகளிலிருந்து, கூலி வாங்கி வேலை செய்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்று தெரிகிறது. ஆக ஒரே சுரங்கத்தில் கூலிக்காரரும் இருந்தார், விலங்கு பூட்டியவரும் இருந்தார்.

தங்கத்துக்குள் என்ன இருந்தது?

இனி நம் பாடத்துக்கு வருவோம். இயற்கையில் கிடைக்கும் பொன் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. எகிப்தின் பொன்னில் வெள்ளி எப்போதும் கலந்திருக்கும். சிலவற்றில் சில சதவீதம், சிலவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கும் மேலே. கொஞ்சம் செம்பும் இருக்கும். வெள்ளி அதிகமாக இருந்தால் நிறம் வெளுத்துப்போகும். இந்த வெளிர் பொன்னுக்கு எலக்ட்ரம் என்று பெயர். எகிப்தியர் பொன்னை நெபு என்றும், எலக்ட்ரத்தை ஜாம் என்றும் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தார்கள்.

எவ்வளவு வெள்ளி என்று உருக்காமலே கண்டுபிடிக்க முடியுமா? அடர்த்தியை வைத்து முடியும். 80 பங்கு பொன், 20 பங்கு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியின் அடர்த்தி 10.5. பொன் 0.80-ஐ 19.3-ஆல் வகுத்தால் 0.0415. வெள்ளி 0.20-ஐ 10.5-ஆல் வகுத்தால் 0.0190. கூட்டினால் 0.0605. ஒன்றை அதால் வகுத்தால் 16.5. ஆக, கட்டியின் அடர்த்தி 16.5 என்று வந்து, உள்ளே வேறு உலோகமும் இல்லையென்றால், ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி என்று சொல்லிவிடலாம்.

பொன்னிலிருந்து செம்பைப் பிரிப்பது பழைய உலகத்துக்குத் தெரியும். ஈயத்தோடு சேர்த்து உருக்கிக் காற்று ஊதினால், ஈயம் செம்பையும் இழுத்துக்கொண்டு ஆக்சைடாகப் பிரிந்துவிடும். இதுதான் ஈயப் புடம். ஆனால் இந்தப் புடத்தில் வெள்ளி போகாது! பொன்னும் வெள்ளியும் ஒன்றாகவே மிஞ்சும். வெள்ளியைப் பிரிக்க உப்பு வேண்டும். பொன் தகட்டை உப்போடு மண் சட்டியில் வைத்து மூடிப் பல மணி நேரம் சூடேற்றினால், வெள்ளி குளோரைடாக மாறி மண்ணுக்குள் இறங்கிவிடும். இந்த முறை நடந்த பட்டறை, இன்றைய துருக்கியில் உள்ள சார்டிஸ் நகர அகழாய்வில் கிடைத்தது. காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அகதார்கிடிஸ் சொல்லும் எகிப்திய முறையிலும் ஈயம், உப்பு, கொஞ்சம் வெள்ளீயம், பார்லித் தவிடு எல்லாவற்றையும் பொன்னோடு சட்டியில் வைத்து மூடி, ஐந்து பகல் ஐந்து இரவு சூடேற்றினார்கள் என்று வருகிறது.

இதற்கு முந்தைய எகிப்திய நகைகளில் பொன்னோடு பிறந்த வெள்ளி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் அவற்றின் நிறம் ஒன்றுபோல் இல்லை. துட்டன்காமுனின் புகழ்பெற்ற முகமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 10 கிலோவுக்கு மேல். 2007-ல் எக்ஸ் கதிர் கொண்டு சோதித்தபோது, முகமும் கழுத்தும் உள்ள பகுதியின் மேற்பரப்பு 18.4 காரட், மற்ற இடங்கள் 22.5 காரட் என்று தெரிந்தது. முகம் வெளிறித் தெரிய வேண்டும் என்று கைவினைஞர் வேண்டுமென்றே செய்த வேலை!

அதே கல்லறையில் ஊதா நிறப் பொன் வில்லைகளும் கிடைத்தன. அந்த நிறம் எப்படி வந்தது என்று பலரும் குழம்பினார்கள். ஆர்.டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், பொன்னில் மிகக் கொஞ்சம் இரும்பைச் சேர்த்துச் சூடேற்றினால் மேலே மெல்லிய ஊதாப் படலம் வருகிறது என்று தானே செய்து காட்டினார். அவருடைய கட்டுரை 1934-ல் வெளிவந்தது.

இன்னொரு சுவையான சாட்சி இருக்கிறது. எகிப்திய நகைகள் பலவற்றில் கடினமான வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஆஸ்மியம், இரிடியம், ருத்தேனியம் கலந்த துகள்கள் அவை. பொன்னைப் போலவே கனமானவை என்பதால் அலசும்போது பொன்னோடேயே தங்கிவிடும். 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் தட்டாரின் உலையில் அசைந்து கொடுக்காது. அப்படியே நகைக்குள் உட்கார்ந்துவிடும். இந்தப் புள்ளி இருந்தால், அந்தப் பொன் பாறையைக் குடைந்து எடுத்ததல்ல, மணலை அலசி எடுத்தது என்று சொல்லலாம். அந்தத் தட்டாருக்குத் தொல்லை கொடுத்த அழுக்குதான் இன்று நமக்கு ஊர் பேர் சொல்கிறது!

வெள்ளி: பொன்னைவிட உயர்ந்த காலம்

எகிப்தியர் நம்பிக்கைப்படி தெய்வங்களின் தசை பொன், எலும்பு வெள்ளி. வெள்ளிக்கு அவர்கள் வைத்த பெயர் ஹெட்ஜ். வெண்மை என்று பொருள். எகிப்தில் பொன் உண்டு, ஆனால் வெள்ளிச் சுரங்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே ஆரம்ப காலத்தில் வெள்ளிக்குப் பொன்னைவிட மதிப்பு அதிகம்.

அப்படியானால் வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் தாய் ஹெதெஃபெரஸ். கி.மு. 2600-ஐ ஒட்டியவர். 1925-ல் கீசாவில் கண்டெடுக்கப்பட்ட அவருடைய கல்லறையில் வெள்ளி வளையல்கள் இருந்தன. வண்ணத்துப்பூச்சி வடிவில் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் பதித்தவை. இந்த வெள்ளி, எகிப்திலேயே பொன்னோடு கலந்து கிடைத்த வெள்ளியாக இருக்கும் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. வெள்ளிக்குள் இருந்த மிகச் சிறிய அளவு ஈயத்தின் ஐசோடோப் விகிதத்தை அளந்தார்கள். ஈயத்தின் இந்த விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும், நம் கைரேகை மாதிரி. வளையலின் ரேகை கிரேக்க நாட்டைச் சேர்ந்த சைக்ளடிஸ் தீவுகளின் தாதுவோடு பொருந்திப் போயிற்று! பிரமிடு கட்டிய காலத்திலேயே ஏஜியன் கடல் வெள்ளி, ஒருவேளை பிப்லோஸ் துறைமுகம் வழியாக, எகிப்து ராணியின் கைக்கு வந்திருக்கிறது.

போகப்போக வெளிநாட்டு வெள்ளி நிறைய வந்தது. 1936-ல் டோட் என்ற ஊர்க் கோயிலின் அடியில், இரண்டாம் அமெனெம்ஹெத் மன்னனின் பெயர் பொறித்த பெட்டிகள் கிடைத்தன. உள்ளே 150-க்கும் மேற்பட்ட வெள்ளிக் கிண்ணங்கள்; பலவற்றை மடித்து நசுக்கி வைத்திருந்தார்கள். சரக்கு கூடினால் விலை இறங்கும் அல்லவா? அதற்குக் கணக்குப் புத்தகமே சாட்சி. கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எழுத்தர் பிரதி எடுத்த ரைண்ட் பாப்பிரஸில் 62-ஆவது கணக்கு இது: ஒரு பையில் பொன், வெள்ளி, ஈயம் மூன்றும் சம எடையில் இருக்கின்றன. மொத்த விலை 84 ஷாட்டி. ஒரு டெபன் பொன்னுக்கு 12, வெள்ளிக்கு 6, ஈயத்துக்கு 3 ஷாட்டி. ஒவ்வொன்றும் எத்தனை டெபன்? 12, 6, 3 கூட்டினால் 21. 84-ஐ 21-ஆல் வகுத்தால் 4. ஆக ஒவ்வொன்றும் 4 டெபன். இதில் நமக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், அப்போது வெள்ளியின் விலை பொன்னின் விலையில் சரிபாதி.

இருந்தாலும் வெள்ளியின் பெருமை போய்விடவில்லை. கி.மு. 1000 வாக்கில் ஆண்ட முதலாம் சூசென்னெஸ் மன்னனைப் புதைத்தது வெள்ளிச் சவப்பெட்டியில். பியர் மோன்தே என்ற பிரெஞ்சு அறிஞர் 1940-ல் தானிஸ் நகரில் அதைக் கண்டுபிடித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதனால் துட்டன்காமுனுக்குக் கிடைத்த புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

வானத்திலிருந்து வந்த உலோகம்

இன்று நாம் லேத்தில் சீவித் தள்ளும் இரும்பு, அன்று எகிப்தில் அரிய உலோகம்! துட்டன்காமுனின் உடல் மேலேயே ஓர் இரும்புக் குத்துவாள் வைத்திருந்தார்கள். 2016-ல் எக்ஸ் கதிர் ஆய்வு செய்தபோது அதில் ஏறத்தாழ 11 சதவீதம் நிக்கலும், 0.6 சதவீதம் கோபால்ட்டும் இருந்தன. பழங்காலத்தில் தாதுவை உருக்கி எடுத்த இரும்பில் நிக்கல் இந்த அளவுக்கு இருக்காது. இது விண்கல் இரும்பு. எகிப்திய மொழியிலேயே இரும்புக்கு வானத்து உலோகம் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. இங்கேயும் கலந்திருந்த நிக்கல்தான் பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுத்தது.

கல்லறைத் திருடர்களும் கலவைக் கணக்கும்

இவ்வளவு சாட்சி இருந்தால் எல்லா நகைக்கும் ஊர் சொல்லிவிடலாமே என்று கேட்பீங்க. அங்கேதான் ஒரு சிக்கல். துட்டன்காமுனின் உள் சவப்பெட்டி மட்டும் 110 கிலோ பொன். அது திருடர் கையில் பெரும்பாலும் சிக்காததால் நமக்குக் கிடைத்தது. மற்றக் கல்லறைகள்? ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் பிடிபட்ட ஒரு திருடனின் வாக்குமூலம் பாப்பிரஸில் இருக்கிறது. சோபெக்எம்சாஃப் மன்னனின் கல்லறையில் புகுந்து, பொன்னை எல்லாம் உரித்து, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம் என்கிறான். கிடைத்தது 160 டெபன், ஏறத்தாழ பதினாலரைக் கிலோ. எட்டுப் பேர், ஆளுக்கு 20 டெபன்!

இப்படி எடுத்த பொன் மறுபடி உருக்கப்பட்டுப் புது நகையாகும். திருடர் மட்டுமல்ல, அரண்மனைப் பட்டறையும் பழைய பொன்னை உருக்கிக்கொண்டேதான் இருந்தது. கொப்டோஸ் பொன்னும் வாவாத் பொன்னும் குஷ் பொன்னும் ஒரே மூசையில் கலந்தால் ரேகை கலைந்துபோகும். ஆகவே ஒரு நகையின் கலவையைப் பார்த்து ஊர் சொல்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மீதி எங்கே போச்சு?

சரி, புர்னபுரியாஷின் வழக்குக்குத் தீர்ப்பு சொல்வோம். அவன் காலத்து மேற்காசியாவுக்கு ஈயப் புடம் நன்றாகத் தெரியும். எகிப்துப் பொன்னோடு கூடப் பிறந்தது வெள்ளி. அது புடத்தில் போகாது என்று பார்த்தோம். ஆகவே 20 மினா உலையில் 5 மினாவாகக் குறைந்ததென்றால், இயற்கையின் மேல் பழி போட முடியாது. யாரோ செம்பைக் கலந்திருக்க வேண்டும், அல்லது வழியில் கட்டியை மாற்றியிருக்க வேண்டும், அல்லது இன்னும் அதிகம் பறிப்பதற்காக மன்னனே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரியை நம்பாதே, நீயே முத்திரை வை என்று அவன் எழுதியதைப் பார்த்தால், அவனுக்குச் சந்தேகம் யார்மேல் என்பது நமக்கே புரிகிறது!

ஆனால் நண்பர்களே, இதை எல்லாம் படித்து முடித்த பிறகு என் மனதை உறுத்தியது அந்த 15 மினா பொன் அல்ல. குபான் கல்வெட்டில் பாதிப் பேர்தான் போய்ச் சேருகிறார்கள் என்று ஒரு வரி வருகிறதே, அந்த மீதிப் பாதிப் பேர்தான். 27 கிராம் பொன்னையும் விடாமல் 3 கீட் என்று கல்லில் வெட்டிய நாட்டில், வழியில் செத்தவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண்ணை யாரும் வெட்டவில்லை. போட்டது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு, மீதி எங்கே போச்சு என்று அவர்களுக்காகக் கேட்க ஒரு மன்னனும் இல்லை.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் இன்றும் பொன் எடுக்கிறார்கள். சுக்காரி என்ற இடத்துச் சுரங்கத்தில் 2009-ல் முதல் பொன் வார்க்கப்பட்டது. பண்டைக்காலத்தவர் குடைந்த அதே மலை. நாளைக்கு நம்மில் சிலரும் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு சுரங்கத்துக்கோ உருக்காலைக்கோ வேலைக்குப் போவோம். அங்கே நம் கையில் ஒரு கணக்கு நோட்டைக் கொடுப்பார்கள். உள்ளே போன தாது எவ்வளவு, வெளியே வந்த உலோகம் எவ்வளவு என்று எழுதச் சொல்வார்கள். அதை ஒரு கிராம் பிசகாமல் எழுதுவோம். அதே நோட்டில் காலையில் உள்ளே போன ஆட்கள் எத்தனை, மாலையில் வெளியே வந்த ஆட்கள் எத்தனை என்றும் ஒரு வரி எழுதிவைப்போம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அன்றைய கணக்கு சரி.



– மூன்றாம் ஆண்டு மாணவன்,
உலோகவியல் துறை